வெட்டுப்புல் மூடாக்கு: இலவசச் சரக்கு, எவ்வளவு தேறும்?

புல்வெளி வெட்டிய நாளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்வாசலைப் பார்த்தால் தெரியும். நாலைந்து சாக்கு பச்சைப்புல் குப்பை வண்டிக்காக வரிசையாக நிற்கும். கல்லூரி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், ரிசார்ட் எங்கும் இதே கதைதான். பாத்தி மண்ணை வெயில் படாமல் மூடும் மூடாக்குக்கு வைக்கோல் தேடி அலைகிற மாடித்தோட்டக்காரருக்கு அந்தச் சாக்குகள் கண்ணில் பட்டதும் கை அரிக்கும். தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவார். காசும் கேட்க மாட்டார், கேட்டாலும் ஆட்டோக் கூலிதான்.

கடைச்சரக்கை எடைபோடுவது போலவே இதையும் போட்டுப் பார்த்தால் முடிவு இப்படி வருகிறது. உரம் என்ற வகையில் முதல் தரம். மூடாக்கு என்ற வகையில் நடுத்தரம். வைக்கோலுக்கு மாற்று என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம். புல்லைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பாலானவை, உரத்தை வைக்கோல் போல அள்ளிக் கொட்டியதால் வருபவை.

சாக்குக்குள் என்ன இருக்கிறது?

பச்சையாக வெட்டிய புல்லில் முக்கால் பங்குக்கு மேல், 80 சதவீதம் வரைகூட, தண்ணீர். காய்ந்த எடையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 2 முதல் 4 சதவீதம், சாம்பல் சத்து (பொட்டாஷ்) 2 முதல் 3 சதவீதம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1 சதவீதத்துக்கும் குறைவு. 50 கிலோ அரிசிச் சாக்கில் அமுக்காமல் நிரப்பினால் சுமார் 15 கிலோ பச்சைப்புல் பிடிக்கும். தண்ணீர் போனால் 3 கிலோ. அதில் 3 சதவீதம் தழைச்சத்து என்றால் 90 கிராம். யூரியாக் கணக்கில் 200 கிராமுக்குச் சமம். இலவசமாக வந்த சாக்குக்கு இது மோசமில்லை.

அந்த 90 கிராமும் செடிக்குப் போய்ச் சேராது. மேற்பரப்பில் கிடந்து மக்கும்போது ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். உரமே காணாமல் வெளிறிக் கிடக்கும் புல்வெளியிலிருந்து வரும் சாக்கில் சத்து 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். கரும்பச்சையாக, வாரம் ஒருமுறை வெட்டப்படும் புல்தான் சத்துள்ள புல்.

கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம்தான் இந்தச் சரக்கின் குணத்தைத் தீர்மானிக்கிறது. பச்சைப்புல்லில் அது 15க்கு 1 முதல் 20க்கு 1 வரை. வைக்கோலில் 80க்கு 1 அளவில் இருக்கும். மக்க வைக்காத தென்னை நார்க்கழிவில் 100ஐயும் தாண்டும். விகிதம் குறையக் குறைய நுண்ணுயிர்கள் வேகமாகத் தின்று தீர்க்கும். பாத்தியில் போட்ட வைக்கோல் மூன்று மாதம் தாங்குகிற இடத்தில், அதே கனத்துக்குப் போட்ட புல் நம் வெயிலில் மூன்று நான்கு வாரத்தில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். “போட்டது எங்கே போச்சு?” என்று கேட்பவர்களுக்குப் பதில்: மண்ணுக்குள் போயிருக்கிறது. நல்லதுதான். ஆனால் மேலே மூடாக்கு இல்லை.

எந்தப் புல், எப்படி வெட்டியது?

எல்லாச் சாக்கும் ஒன்றல்ல. சக்கரத்தில் சுழலும் கத்தி வைத்த ரீல் மெஷினோ, பின்னால் பெட்டி மாட்டிய ரோட்டரி மெஷினோ வெட்டிய புல்தான் வாங்கத்தக்கது. 2, 3 சென்டிமீட்டர் நீளத்தில் சீராக, மண் படாமல் நேரே பெட்டியில் விழுந்திருக்கும். பிரஷ் கட்டரால் அடித்த புல் வேறு ரகம். அது நாலாபுறமும் சிதறும். பிறகு பெருக்கி அள்ளுவார்கள். மண், கல், சிகரெட் துண்டு, பிஸ்கட் உறை எல்லாம் கூடவே வரும். இன்னொன்றும் வரும், பலர் கவனிப்பதில்லை: பிரஷ் கட்டரில் மாட்டும் நைலான் நரம்பு தேய்ந்து உதிரும் துணுக்குகள். ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் அரை விரல் நீளத்தில் கிடக்கும். மண்ணில் ஒருமுறை கலந்துவிட்டால் பொறுக்கி எடுக்க முடியாது. அவை மக்கவும் மக்காது.

புல் ரகத்தில் கொரியன் புல் மெல்லியது, ஆனால் விறைப்பானது, மற்றவற்றைவிடச் சற்று மெதுவாக மக்கும். காய்கறிப் பாத்திக்கு இதுதான் வசதி. பஃபலோ புல் அகல இலை, தண்ணீர்ச்சத்து அதிகம், ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொள்ளும். காயவைக்காமல் தொடக்கூடாது. அருகம்புல்லில் சத்து நன்றாக இருக்கும். ஆனால் தரையை ஒட்ட வெட்டியிருந்தால் இலையோடு தண்டும் வந்திருக்கும். அருகு கணுவுக்குக் கணு வேர்விடும். இரண்டு கணு உள்ள ஒரு துண்டு ஈரப் பாத்தியில் விழுந்தால் போதும், அடுத்த ஆடிப்பட்டத்துக்கு நீங்கள் களை பறித்துக்கொண்டிருப்பீர்கள். சாக்கைக் கொட்டியதும் ஒரு விரலைவிட நீளமான, பழுப்பேறிய, கணுவுள்ள துண்டுகள் தென்பட்டால் அந்தச் சாக்கு மூடாக்குக்கு ஆகாது. முறுமுறுவென்று ஒடியும் வரை காயவைத்தால் தண்டு சாகும். இல்லையென்றால் சூடேறும் மக்குக் குவியலுக்கு அனுப்புங்கள்.

கதிர் விட்ட புல்லும் அப்படியே. மழைக்குப் பிறகு இரண்டு மாதம் வெட்டாமல் விட்டு, பிறகு ஒரே மூச்சில் மழித்த புல்வெளி என்றால் சாக்கு முழுக்க விதைதான். கூடவே பார்த்தீனியம், தொட்டாச்சிணுங்கி, நெருஞ்சி. தொட்டாச்சிணுங்கி முள்ளும் நெருஞ்சி முள்ளும் காய்ந்த பிறகு இன்னும் கூர்மை. கையுறை இல்லாமல் சாக்குக்குள் கைவிடாதீர்கள்.

கேட்டே தீர வேண்டிய கேள்வி

வெட்டுப்புல்லின் மதிப்பை ஒரே அடியில் பூஜ்யமாக்கக்கூடியது களைக்கொல்லி. புல்வெளியில் அடிக்கும் களைக்கொல்லி, புல்லை விட்டுவிட்டு அகல இலைச் செடிகளைக் கொல்லும் வகை. தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை, வெண்டை, பூசணி என்று நாம் வளர்ப்பதெல்லாம் அகல இலைச் செடிகள். புல்லுக்கு ஒன்றும் ஆகாததால் பார்வைக்குச் சாக்கு பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது 2,4-டி. மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அடித்த புல்லை அதே வாரம் வெட்டித் தக்காளிக்கு மூடாக்குப் போட்டால் இலை சுருண்டு, நுனி முறுக்கிக்கொண்டு நிற்கும். 2,4-டிக்குத் தக்காளி மிகவும் கூருணர்வுள்ள பயிர். அடித்த பிறகு வரும் முதல் மூன்று வெட்டுகளைத் தவிர்ப்பது பொதுவான வழக்கம். மருந்து டப்பாவில் அதைவிட அதிகம் சொல்லியிருந்தால் அதைத்தான் கேட்க வேண்டும்.

இதைவிடப் பிடிவாதமானவை உண்டு. குளோபைரலிட், அமினோபைரலிட், பிக்ளோரம் ஆகிய களைக்கொல்லிகள் மக்குக் குவியலின் சூட்டையும் தாண்டி வரும். 2000ஐ ஒட்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் நகரத்து உரக்கிடங்கில், வெட்டுப்புல்லோடு வந்த குளோபைரலிட் மக்கு உரத்திலும் தங்கி, வாங்கிப் போட்டவர்களின் தக்காளியையும் அவரையையும் கெடுத்தது. அந்த மாநிலம் 2002இல் புல்வெளிகளில் அதைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2008இல் பிரிட்டனில் அமினோபைரலிட் கலந்த தொழுவுரம் இதே வேலையைச் செய்தது. சில காலம் அதன் விற்பனையே அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. அங்கே மருந்து வந்த வழி, அது அடித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணம்.

ஆகவே சாக்கை வாங்கும் முன் கேட்க வேண்டியது இரண்டு: களைக்கு மருந்து அடித்தீர்களா, அடித்தால் எப்போது? கரையானுக்கோ வேர்ப்புழுவுக்கோ ஏதாவது ஊற்றினீர்களா? தோட்டக்காரருக்குத் தெரியவில்லை என்றால் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பலான பதில் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. ஆறு கப்பில் ஒரே மண்ணை நிரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்று தட்டைப்பயறு அல்லது பீன்ஸ் விதை போடுங்கள். முளைத்து இரண்டு இலை விட்டதும் மூன்று கப்பில் மட்டும் காயவைத்த புல்லை 2 சென்டிமீட்டர் பரப்பி, ஆறுக்கும் ஒரே அளவு மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று வாரம் போதும். புல் போட்ட கப்பில் மட்டும் புது இலைகள் கிண்ணம் போலக் குவிந்தோ, தண்டு முறுக்கிக்கொண்டோ வந்தால் அந்த இடத்துப் புல்லே வேண்டாம். விதையைப் போட்ட உடனே பச்சைப்புல்லைப் பரப்பிச் சோதிக்கக் கூடாது. முளைப்பு கெட்டால் மருந்தாலா, அழுகலாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் பெருநகரக் குடியிருப்புகளுக்கே உரியவை. ஒன்று, புல்வெளிக்குப் பாய்வது கழிவுநீரைச் சுத்திகரித்த எஸ்டிபி தண்ணீராக இருக்கலாம். மற்றொன்று, அங்கேதான் எல்லா நாய்களும் காலையில் உலாவும். இந்தப் புல்லைத் தரையிலிருந்து உயர்ந்து காய்க்கும் வெண்டை, கத்தரி, கொடிவகைகளுக்குப் போடலாம். கீரை, கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி, கேரட் போன்று மண்ணையும் மூடாக்கையும் தொட்டே வளர்ந்து, சில சமயம் பச்சையாகவே வாய்க்குப் போகிறவற்றுக்கு மக்கவைக்காமல் போடக்கூடாது.

காயவைப்பதில்தான் எல்லாம்

சாக்கில் அடைத்த பச்சைப்புல் சில மணி நேரத்தில் சூடேறத் தொடங்கும். மறுநாள் கையை உள்ளே விட்டால் வெந்நீர் போலச் சுடும். மூன்றாம் நாள் கொழகொழவென்று, மாட்டுக்கொட்டகை வாசனையோடு வெளியே வரும். வந்த நாளிலேயே பிரித்துக் கொட்டுங்கள். புளித்த வாசனையோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியோ வந்துவிட்டால் அதைக் காயவைத்து மீட்க நினைக்க வேண்டாம். நேராக மக்குக் குவியலுக்குப் போகட்டும்.

மொட்டைமாடியிலோ தார்ப்பாயிலோ 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பி, காலையும் மதியமும் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரே நாள். மற்ற மாதங்களில் இரண்டு நாள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கை ஈரமாகாமல், விட்டதும் புல் விரிந்துகொண்டால் சரி. கொழுக்கட்டை போல உருண்டு நின்றால் இன்னொரு வெயில் வேண்டும். பச்சை மங்கி வைக்கோல் நிறம் எட்டிப்பார்க்கும் பதம் போதும். அதற்கு மேல் வறட்டினால் தூளாகி, மாடியில் காற்றோடு பறக்கும்.

காயவைக்காமல் 8, 10 சென்டிமீட்டர் கனத்துக்கு அப்படியே கொட்டினால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் முதலில் எல்லோரும் செய்கிறார்கள். மெல்லிய, தட்டையான இலைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேல்பகுதி வெயிலில் காய்ந்து அப்பளமாகும். ஊற்றுகிற தண்ணீர் அதன்மேல் வழிந்து பாத்திக்கு வெளியே ஓடும். அடியில் காற்றுப் புகாமல் கரும்பச்சைச் சேறாக அழுகும். காற்றில்லாத அழுகலில் உண்டாகும் அம்மோனியாவும் அமிலங்களும் இளவேரைச் சுடும். ஈ மொய்க்கும். செடி வாடும்போது தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், அழுகல் இன்னும் கூடும். அப்படி ஆகிவிட்டால் அடையை மம்மட்டியால் பெயர்த்து அப்புறப்படுத்தி, மண்ணை இரண்டு நாள் காற்றாட விட்டு, அதே புல்லை உதிர்த்து இரண்டு பங்கு சருகோடு கலந்து மெல்லியதாகத் திரும்பப் போடலாம். சரக்கு வீணாகாது.

பாத்தியில் போடும் விதம்

முதலில் களை எடுத்து, மண் நனைய நீர் விட்டு, அதன்பிறகே மூடாக்கு. காய்ந்த மண்ணின்மேல் போட்டால் அடுத்து வரும் சின்ன மழையைப் புல்லே குடித்துவிடும். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது மூடாக்குக்கு அடியில் போக வேண்டும். ஒரு தடவைக்கு 1 சென்டிமீட்டர், நன்றாகக் காய்ந்ததென்றால் 2 சென்டிமீட்டர். நான்கைந்து நாள் இடைவெளியில் அடுத்த அடுக்கு. மொத்தக் கனம் 3 முதல் 5 சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்திக்கொண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 1 சென்டிமீட்டர் சேர்த்துவந்தால் போதும்.

4 அடிக்கு 10 அடிப் பாத்தி ஒன்றை 3 சென்டிமீட்டர் மூடக் காய்ந்த புல் 110 லிட்டர் வேண்டும். காயும்போது புல் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிடுவதால் பச்சையாக மூன்று நான்கு சாக்கு வாங்க வேண்டியிருக்கும். அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒரு சாக்குக்குக் கொஞ்சம் கூட. 12 அங்குல விட்டமுள்ள க்ரோ பேக் என்றால் 3 சென்டிமீட்டர் மூடச் சுமார் 2 லிட்டர் காய்ந்த புல் போதும். ஒரே சாக்கில் பதினைந்து பைகளை மூடலாம். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளையில் (கிட்) வரும் பைகளில் நார்க்கழிவு நிரப்பி வளர்ப்பவர்களுக்குப் புல் நன்றாகப் பொருந்தும். நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆனால் சத்து சொற்பம். புல் சத்தைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறக்கும்.

தண்டைச் சுற்றி மூன்று விரல் அகலம் வெறும் மண்ணாக இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் வருவது தண்டழுகல். தக்காளி, மிளகாயில் தரைமட்டத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை நூலாகப் பூஞ்சணம் படர்ந்து, அதன்மேல் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் உட்கார்ந்திருந்தால் அது ஸ்கிளரோஷியம் பூஞ்சணம். அரைகுறையாக மக்கிய தழை அதற்கு விருந்து. அந்தச் செடியைச் சுற்றுமண்ணோடு தோண்டி எடுத்துவிட்டு, பக்கத்துச் செடிகளின் மூடாக்கையும் விலக்கிவிடுங்கள். புல்லின்மேலேயே ஆங்காங்கே படரும் சாம்பல்வெள்ளைப் பூஞ்சணம் வேறு. அது மக்கவைக்கிற வேலைக்காரன். அதைப் பார்த்துப் பயந்து மருந்து அடிக்க வேண்டாம்.

எந்தப் பயிருக்கு என்பதில் கறாராக இருப்பது நல்லது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு நாற்றோ முளையோ ஒரு சாண் வளர்ந்த பிறகு போடலாம். பூசணி, புடலை, பீர்க்கனுக்கு இதைவிட நல்ல மூடாக்கு குறைவு, அவற்றின் பசி அப்படி. முளைக்கீரை, அரைக்கீரை போலத் தூவி விதைக்கும் பாத்தியில் போட்டால் விதை மேலே வராது. சின்ன வெங்காயத்துக்கு ஈரம் தங்குவதே பகை.

பூப்பருவத்தில் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். தழைச்சத்து விடாமல் இறங்கிக்கொண்டிருந்தால் தக்காளி இலையாகவே கொழுத்து, பூ பிந்தும். அந்த மெத்தென்ற இளந்தளிரில் அசுவினியும் வெள்ளை ஈயும் வந்து குந்தும். மொட்டு தெரிந்ததும் புல்லைக் குறைத்து, சருகைக் கூட்டி மாற்றிவிடுவது வழி. ஒரு பங்கு புல், இரண்டு பங்கு சருகு. வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி இலை நல்லது. மா இலையும் பாதாம் இலையும் நொறுக்கிப் போட்டால்தான் ஆகும். யூகலிப்டஸ் இலை வேண்டவே வேண்டாம். உண்மையைச் சொன்னால் பருவம் முழுக்க வெறும் புல்லை விட இந்தக் கலவைதான் சிறந்தது. புல் ஊட்டும், சருகு தாங்கும், அடை பிடிக்காது.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டுப்புல்லை மூடாக்காகப் போடுவது பெரும்பாலும் தோற்கும். காயவைக்க வெயில் கிடையாது. போட்டது காயாது. அடியில் நத்தைக்கு மாளிகை கட்டிக் கொடுத்தது போலாகும். உள்ளங்கை அளவு வளரும் ஆப்பிரிக்க நத்தை உள்ள பகுதிகளில் இரவோடு இரவாக நாற்றுப் பாத்தி மொட்டையாகும். மரவட்டை கூட்டமாகக் கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பெரும்பாலும் மக்கியதைத்தான் தின்னும். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பாத்தியில் உள்ள மூடாக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வருகிற புல்லை எல்லாம் மக்குக் குவியலுக்குத் திருப்புவதுதான் சரி. புல்வெளி அதிகமாக வளர்வதும், சாக்கு அதிகமாக வருவதும் அந்த மாதங்களில்தான் என்பது இந்தச் சரக்கின் கோணல்.

குவியல் 3 அடி நீள, அகல, உயரமாவது இருந்தால்தான் சூடு பிடிக்கும். அடியில் சுள்ளி, அதன்மேல் 4 அங்குலம் சருகு, 2 அங்குலம் புல், ஒரு வாளி சாணக் கரைசல் தெளிப்பு, மறுபடி சருகு. மேலே தார்ப்பாய். இரண்டு மூன்று நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரும். களை விதை சாவது அந்தச் சூட்டில்தான். நாலாம் நாள் ஒருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் வெளிப்பகுதி உள்ளே போகும்படி புரட்டினால் ஒன்றரை இரண்டு மாதத்தில் கறுப்பு மக்கு தயார். அம்மோனியா நெடி அடித்தால் புல் அதிகம், சருகு சேருங்கள். சூடே வரவில்லை என்றால் ஈரம் போதவில்லை அல்லது குவியல் சின்னது. மாடியில் வைக்கும் 50 லிட்டர் டிரம்மில் இந்தச் சூடு வராது. அதில் கதிர் விட்ட புல்லைப் போட்டால் விதையைப் பத்திரமாகச் சேமித்தது போலத்தான். மண்புழுத் தொட்டியிலும் பச்சைப்புல்லை நேரே கொட்டக் கூடாது. சூட்டில் புழு ஓடும், ஓட முடியாதது சாகும். இரண்டு வாரம் வெளியே மக்கி ஆறியதைக் கொடுங்கள்.

பச்சையாக மண்ணில் கொத்திவிடுவது பற்றியும் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் நடவுக்கு மூன்று வாரம் முன்னால். உடனே நட்டால் அழுகும் சூட்டில் நாற்றுதான் வேகும்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

வைக்கோல் நீண்ட நாள் தாங்கும், காற்றோட்டம் நன்று. ஆனால் மாட்டுத் தீவனமாகவே விலைபோவதால் நகரத்தில் கட்டு கிடைப்பது சிரமம். உதிராத நெல்மணி இருந்தால் பாத்தியில் நெல் முளைக்கும். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் உப்பு, கழுவிப் போட்டாலும் உணவு இல்லை. வெள்ளி கறுப்பு மல்ச்சிங் ஷீட்டைப் போட்டால் ஒரு பருவம் களைக் கவலை கிடையாது. மண்ணுக்கும் எதுவும் கிடையாது, கடைசியில் கிழிந்த பிளாஸ்டிக்கை அள்ள வேண்டும். தெருவோரச் சருகு இவை எல்லாவற்றையும் விட வசதியானது, பெருக்கி வைத்திருப்பவரிடம் வாங்கினால் போதும். களையை அடக்குவதில் வெட்டுப்புல் சருகுக்கும் ஷீட்டுக்கும் கீழே. கோரை இதை ஒரு தடையாகவே மதிக்காது, துளைத்துக்கொண்டு வரும். ஈரம் காப்பதில் வைக்கோலுக்குச் சமம், அதுவும் அடை பிடிக்காமல் பார்த்துக்கொண்டால். ஊட்டத்தில் இந்த வரிசையில் வெட்டுப்புல்லுக்கு எதிரே யாரும் இல்லை.

புல்வெளியின் பக்க நியாயமும் கொஞ்சம் உண்டு. வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் புல்வெளிக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு வரை அதுவே திருப்பிக் கொடுத்துவிடும். எல்லாச் சாக்கையும் நாம் தூக்கி வந்தால் அங்கே யூரியாவைக் கூட்டுவார்கள், புல் இன்னும் வேகமாக வளரும், இன்னும் சாக்கு வரும். உங்கள் சொந்தப் புல்வெளி என்றால் இரண்டு வெட்டுக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றிவிட்டு வெட்டுங்கள்.

தொடர்ந்து வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒரே இடத்தில் வாங்குங்கள். மருந்து விவரம் ஒருமுறை கேட்டால் போதும், வெட்டும் மெஷினும் தெரியும், புல் ரகமும் தெரியும். புல்லோடு கூட அதே இடத்துச் சருகையும் தனிச் சாக்கில் கேளுங்கள், ஒரு புல்லுக்கு இரண்டு சருகு என்ற கணக்கில். மாதம் ஏதோ ஒரு தொகை தோட்டக்காரர் கையில் கொடுப்பது முறை. களைக்கு மருந்து அடிக்கிற வாரத்தில் அவரே வந்து சொல்லிவிடுவார். சாக்கைக் காலிசெய்ததும் உதறி, வெயிலில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஈரச்சாக்கில் அள்ளினால் அடுத்த லோடு வரும்போதே புளித்திருக்கும்.